பருப்பு வேகும் தண்ணீர்

கீரமங்கலத்தில் தம்பி மகளின் காதுகுத்தை முடித்துக்கொண்டு அமுதவல்லி வல்லத்திராக்கோட்டையில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது திங்கட்கிழமை பகல் பதினொரு மணி. வீட்டுக்குப் பின்னால் இருந்த கொட்டகைக் கதவு விரியத் திறந்து கிடந்தது. அவள் அதை எப்போதும் ஒருக்களித்துத்தான் வைப்பாள். வெயில் நேராக விழுந்தால் தொட்டிகள் சூடேறிவிடும். வாசலில் அவள் புருஷன் ஆவுடையப்பன் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, பரீட்சையில் நூறு வாங்கிய பிள்ளையின் முகத்தோடு நின்றான்.

"கண்ண மூடிக்கிட்டு உள்ள வா புள்ள" என்றான்.

அவள் கண்ணை மூடவில்லை. பையைக்கூட இறக்கி வைக்காமல் உள்ளே போனாள். சுவரோரமாக ஒன்பது கண்ணாடித் தொட்டிகள். நடுவில் இருந்த நாலடித் தொட்டிதான் தாய்த்தொட்டி. இரண்டு நாள் முன்பு அவள் விட்டுப் போனபோது அதன் விளிம்பு நெடுக வெள்ளை உப்பு படிந்திருந்தது, பின்பக்கக் கண்ணாடியில் பச்சைப் பாசி ஏறியிருந்தது. இப்போது கண்ணாடி இருக்கிறதா இல்லையா என்று தொட்டுப் பார்க்கத் தோன்றும் அளவுக்குப் பளபளத்தது. உள்ளே, வயிற்றில் முட்டையைச் சுமந்த ஐம்பத்திரண்டு சிவப்பு இறால்களும் ஒரே மூலையில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன.

அவள் தொட்டிக்கு அருகில் குனிந்தாள்.

"தண்ணி எங்க எடுத்தீங்க?"

"ஊரணித் தண்ணி! நேத்து விடியக்கால போயி, ஒருத்தரும் கலக்குறதுக்கு முன்னாடி, கேன் கேனா வண்டியில கட்டிக் கொண்டாந்தேன். அஞ்சு நடை. பழைய தண்ணிய ஒரு சொட்டு விடாம எறைச்சுட்டேன். டீ வடிகட்டியில அள்ளி ஒவ்வொண்ணா மாத்துனேன், ஒண்ணுக்குக்கூட அடிபடல. கண்ணாடிய புளி போட்டு வெளக்கிருக்கேன் பாரு."

அவன் கெட்ட எண்ணத்தில் செய்திருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டு ஆகவேண்டியதைப் பார்த்திருப்பாள். அந்த ஊரில் வீட்டுக்கு வந்த சம்பந்திக்கு எந்தத் தண்ணீரைக் கொடுப்பார்களோ அதைத்தான் அவன் அந்தப் பூச்சிகளுக்குக் கொண்டுவந்து ஊற்றியிருந்தான். அதுதான் கொடுமை.

இந்த இடத்தில் அமுதவல்லியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் 'விரல் நகத்தளவு பூச்சிக்கு இத்தனை கூத்தா' என்று நீங்களும் அவளுடைய நாத்தனார் சொர்ணத்தைப் போலவே கேட்பீர்கள்.

பிறந்தது கீரமங்கலத்தில், பூ வியாபாரக் குடும்பத்தில். பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மார்க். மேலே படிக்க ஆசை இருந்தது, அப்பாவுக்கு மாப்பிள்ளை பார்க்க ஆசை இருந்தது. எது நடந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆவுடையப்பன் சார்ஜாவில் ஏசி மெக்கானிக். கல்யாணமாகிப் பதினான்கு வருஷம் என்று பேர், அவன் வீட்டில் இருந்த நாட்களைக் கூட்டிப் பார்த்தால் ஒன்றரை வருஷம் தேறாது. ஒரே மகள் வைஷ்ணவி எட்டாவது படிக்கிறாள்.

நாலு வருஷத்துக்கு முன்பு அந்த மகளுக்கு மீன் வாங்கித் தரப் புதுக்கோட்டைக்குப் போன இடத்தில்தான் அமுதவல்லி முதன்முதலில் இந்த அலங்கார இறாலைப் பார்த்தாள். மிளகாய்ப் பழத்தைக் கிள்ளிப் போட்டது போல ஒரு சிவப்பு. பத்து வாங்கி வந்தாள். ஆறு நாளில் பத்தும் போய்ச் சேர்ந்தன. கடைக்காரர், "ஒங்க ஊருத் தண்ணி அப்பிடிங்க" என்றார். அவள் வீட்டுப் போர்வெல் தண்ணீரின் லட்சணம் அவளுக்கே தெரியும். அரை நாள் கொதித்தாலும் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது, காப்பிப் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாய்ப் பொருக்குத் தட்டும். அதனால்தான் ஊரே சமையலுக்கு ஊரணித் தண்ணீரைத் தூக்குகிறது.

சரி, பருப்பு வேகாத தண்ணீர்தான் கொன்றது என்று அடுத்த முறை கூரையில் பிடித்த சுத்தமான மழைத் தண்ணீரில் விட்டாள். அவை இன்னும் மெதுவாக, ஒன்றன்பின் ஒன்றாகச் செத்தன. அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் அவளுக்குள் இருந்த பன்னிரண்டாம் வகுப்புக்காரி விழித்துக்கொண்டாள். இறால் வளர வேண்டுமானால் ஓட்டைக் கழற்ற வேண்டும். பிள்ளைக்குப் பழைய சட்டை பத்தாமல் போவது மாதிரிதான். ஆனால் இது புதுச் சட்டையை உள்ளே தைத்துக்கொண்டுதான் வெளிச் சட்டையைக் கழற்றும். தைப்பதற்கான துணி பாதிக்கு மேல் தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளிலிருந்து வரவேண்டும். உப்பு அதிகமானால் பழைய ஓடு கெட்டித்துக் கழலாது. குறைந்தால் புது ஓடு கெட்டிப்படாது. அதைவிட மோசம், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் திடீரென்று மாற்றுவது. நேரம் வருவதற்கு முன்பே பதறிப்போய்க் கழற்றப் பார்க்கும், பாதியில் மாட்டிக்கொள்ளும்.

ஒரு பங்கு போர்த் தண்ணீர், மூன்று பங்கு மழைத் தண்ணீர் என்ற கணக்குக்கு வந்துசேர அவளுக்கு எட்டு மாதம் ஆனது. ஒரு சின்னக் குழாயில் தொட்டித் தண்ணீரைப் பிடித்து, அதற்கென்று விற்கிற மருந்தைச் சொட்டுச் சொட்டாக விடுவாள். ஆரஞ்சு நிறம் எத்தனையாவது சொட்டில் பச்சையாக மாறுகிறதோ அதுதான் தண்ணீரின் கடினம். அவளுக்கு வேண்டியது ஏழு சொட்டு. சிவப்பிலும் நல்ல சிவப்பாகப் பார்த்துப் பொறுக்கிப் பொறுக்கி, நாலு வருஷத்தில் அவள் சேர்த்த குடும்பம்தான் தாய்த்தொட்டியில் இருந்த ஐம்பத்திரண்டும். திருச்சியில் கடை வைத்திருக்கும் கோபிநாத் என்பவர், குஞ்சுகளை மாதாமாதம் எடுத்துக்கொள்வதாக வாக்குக் கொடுத்திருந்தார்.

இந்தக் கதையையெல்லாம் அவள் வீடியோ காலில் புருஷனுக்குச் சொல்லாமல் இல்லை. அவன் அங்கே சோறு தின்றுகொண்டே "ம்ம், ம்ம்" என்று கேட்டிருப்பான். ஆனால் இந்த முறை ஊருக்கு வந்ததும் கொட்டகையைச் சுற்றிப் பார்த்துவிட்டு ஒரு வார்த்தை சொன்னான்.

"இந்தத் தொட்டி குஞ்சு விட்டுச்சுன்னா சொல்லு, நான் டிக்கெட்டக் கிழிச்சுப் போட்டுர்றேன். போதும் அமுதா, அங்க கெடந்தது."

டிக்கெட் அடுத்த திங்கட்கிழமைக்கு. நடுவில் இருக்கும் இந்த வாரம்தான் முட்டை பொரிய வேண்டிய வாரம். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை உடைத்தது அந்த வார்த்தையைச் சொன்ன ஆளேதான்.

அமுதவல்லி பையைக் கீழே வைத்தாள். குழாயில் தண்ணீரைப் பிடித்து மருந்தை விட்டாள். ஒன்று. ஆரஞ்சு. இரண்டு. பச்சை.

"அவ்வளவுதானா?" என்று ஆவுடையப்பன் எட்டிப் பார்த்தான். "நல்ல தண்ணினு காட்டுதா?"

"அந்தப் பஞ்சை என்ன செஞ்சீங்க? சோப்புப் போட்டீங்களா?" காற்றுக் குழாயோடு இருக்கும் வடிகட்டிப் பஞ்சைத்தான் கேட்டாள். தொட்டிக் கழிவைத் தின்னும் நுண்ணுயிர்கள் அதில்தான் குடியிருக்கும், சோப்புப் பட்டால் செத்துவிடும்.

"இல்ல, அந்தத் தண்ணியிலயே பிழிஞ்சு மாட்டிட்டேன்."

"அதாச்சும் பொழைச்சுது. கீழ கெடந்த ஓடெல்லாம்?"

"செத்த எறாதானே? பொறுக்கி வெளிய போட்டேன்."

"செத்தது இல்லங்க. அதுக கழட்டுன ஓடு. அதத் திரும்பத் தின்னுதான் புது ஓடு கட்டும்" என்றாள். குரலை உயர்த்தாமல்தான் சொன்னாள். எங்கே தவறு, ஏன் தவறு என்று விளக்கிச் சொன்னாள். அவன் முகத்திலிருந்து அந்த நூறு மார்க் மெல்ல மெல்ல வழிந்து போனது. அவள் பழைய டப்பாக்களில் ரப்பர் குழாயைத் தேடிக்கொண்டிருந்தபோது அவனைக் காணவில்லை. திரும்பிப் பார்த்தால், இரண்டு குடம் போர்த் தண்ணீரோடு தொட்டியருகே நின்றான். ஒரு குடம் தொட்டி விளிம்புக்கு மேலே சாய்ந்துகொண்டிருந்தது.

"கைய எடுங்க!"

அவள் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டிலிருந்து சொர்ணம் ஓடி வந்தாள். அமுதவல்லி அவன் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்துக் குடத்தை நிமிர்த்தினாள். பாதித் தண்ணீர் தரையில் கொட்டியது.

"பழைய தண்ணிதானே வேணுங்கிற? அதைத்தானே ஊத்தப் போனேன்!"

"ஒரு தடவ தண்ணிய மாத்துனது பத்தாதா? திரும்பவும் ஒரேயடியா ஊத்துனா மிச்சமும் இன்னிக்கே முடிஞ்சிரும்!" அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு. "நாலு வருசமா நான் ஒத்தையா பாத்தேன், ஒண்ணும் ஆகல. வந்து ஒரு மாசத்துல இப்பிடிப் பண்ணி வச்சிருக்கீங்க. நீங்க இல்லாதப்ப நல்லாத்தான் இருந்துச்சு."

சொர்ணம் வாசற்படியோடு திரும்பிப் போனாள். அவள் அப்படித் திரும்பியதை அந்தத் தெருவில் யாரும் பார்த்ததில்லை. ஆவுடையப்பன் குடத்தைத் தரையில் வைத்தான்.

"என்ன செய்யணும்னு சொல்லு" என்றான்.

"மெடிக்கல்ல போயி ட்ரிப்ஸ் ஏத்துற டியூப் ஒண்ணு வாங்கிட்டு வாங்க. உருட்டுச் சக்கரம் வச்சது."

ஆலங்குடி ரோட்டு மருந்துக்கடையில் யாருக்கு உடம்பு சரியில்லை என்று கேட்டார்களாம். வீட்டில்தான் என்று சொல்லிவிட்டு வந்தான். தொட்டிக்கு மேலே ஒரு பக்கெட்டைத் தொங்கவிட்டு, அதில் போர்த் தண்ணீரை ஊற்றி, அந்த டியூபை மாட்டினான். குழாய் வேலையில் அவன் கை சுத்தம். அவள் கணக்குச் சொன்னாள்: நாளுக்கு எட்டு லிட்டர், அதுவும் காலையிலிருந்து சாயங்காலம் வரை இறங்க வேண்டும். இறங்குகிற அளவுக்குத் தொட்டித் தண்ணீரை எடுத்துவிட வேண்டும். அப்படிச் செய்தால் ஒரு நாளைக்கு ஒரு சொட்டுக் கடினம் ஏறும். இரண்டிலிருந்து ஏழுக்குப் போக ஐந்து நாள். அதற்குக் குறுக்கு வழி கிடையாது.

செவ்வாய்க்கிழமை காலையில் முதல் வளையம் தெரிந்தது. தலைக்கும் உடம்புக்கும் நடுவில், கழுத்தைச் சுற்றி வெள்ளை நூல் கட்டியது போல ஒரு கோடு. ஓடு முதுகில் மட்டும் விரிய வேண்டும். இது சுற்றிலும் விட்டிருந்தது. அப்படி விட்டால் வெளியே வர முடியாது. அமுதவல்லி அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். மத்தியானத்துக்குள் ஐந்து செத்தன. இன்னும் சில, முட்டையோடு சேர்த்தே ஓட்டை உதறிவிட்டு, தள்ளாடிக்கொண்டு கல்லுக்கடியில் ஒளிந்தன. உதறிய முட்டைகளை அவள் ஒரு டம்ளரில் எடுத்துக் காற்றுக் குழாயைப் போட்டு வைத்தாள். மறுநாளே அதில் பூஞ்சை பிடித்துவிட்டது.

"ஏத்தா, கொஞ்சம் சுண்ணாம்பு கரைச்சு ஊத்துனா என்ன? சத்துதானே கேக்குது?" என்றாள் சொர்ணம். நல்ல எண்ணத்தில்தான் கேட்டாள்.

"மதினி, ஒங்களக் கையெடுத்துக் கும்புடுறேன். யாரும் எதையும் ஊத்தாதீங்க."

புதன்கிழமை ஐந்து சொட்டு வரவேண்டிய இடத்தில் நாலரை போலத் தெரிந்தது; நிறம் மாறுவேனா என்று நின்றது. டியூபில் காற்றுக் குமிழ் அடைத்து, தண்ணீர் இறங்குவது நடுவில் நின்றிருக்கிறது. ஆவுடையப்பன் ஸ்டூலைப் போட்டுத் தொட்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டான். சோறும் அங்கேதான். சொட்டு நின்றால் விரலால் சுண்டுவான், வேகமாக விழுந்தால் சக்கரத்தை உருட்டுவான். டியூபைத் தவிர வேறெதையும் தொடவில்லை. தொட்டிக் கண்ணாடியில் விரல்கூடப் படாமல் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவளோடு பேசவுமில்லை. செத்ததை எடுக்க வேண்டும் என்றால் "அங்கிட்டு ஒண்ணு" என்பான், அவள் வந்து எடுப்பாள்.

அமுதவல்லிக்கு அவனைப் பார்க்கப் பார்க்கப் பாவமாக இருந்தது. கோபமும் போகவில்லை. செத்ததை ஒவ்வொன்றாக எடுத்து வைக்கும்போது கோபமும், நிமிர்ந்து அவன் பிடரியைப் பார்க்கும்போது பாவமும் மாறி மாறி வந்தன. காய்ந்த முருங்கைக் கீரையைக் கிள்ளிப் போடுவாள். மற்றத் தொட்டிகளில் கழன்ற ஓடுகளைப் பொறுக்கி இங்கே கொண்டுவந்து போடுவாள். கழுத்தில் கோடு தெரிகிறதா என்று ஒவ்வொன்றாக எண்ணுவாள். நாற்பத்தொன்று. முப்பத்தாறு. முப்பத்தொன்று.

வியாழக்கிழமை அவன் பரணிலிருந்து பெட்டியை இறக்கினான். வாசலில் சொர்ணம், "என்ன தம்பி, நின்னுருவேனு சொன்னே?" என்று கேட்டதும், "போகத்தான் வேணும் அக்கா. இங்க எனக்கு வேலை இல்ல" என்று அவன் சொன்னதும் கொட்டகைக்குள் தெளிவாகக் கேட்டது. அமுதவல்லி கையில் குழாயும் மருந்துமாக நின்றாள். போய், கோபத்தில் சொன்னேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் சொன்னது முழுப் பொய்யுமில்லையே என்று அவளுக்குத் தோன்றியது. அவன் இல்லாமல் அவள் நன்றாகத்தான் இருந்தாள். அந்தக் கொட்டகையில் யாரிடமும் கேட்காமல், யாருக்கும் பதில் சொல்லாமல் இருந்தாள். அவனுக்கும் அது தெரிந்துவிட்டது. இனிமேல் அதை எந்த வார்த்தையால் மூடுவது? அன்றைக்கு மருந்தை எண்ணுவதில் இரண்டு தடவை தவறி, மூன்றாம் தடவை எண்ணினாள். ஆறு சொட்டு.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஏழாவது சொட்டில் பச்சையானது. அவன் சக்கரத்தை மூடி டியூபைக் கழற்றிச் சுருட்டி வைத்தான். அன்று இரண்டு செத்தன. சனிக்கிழமை ஒன்றும் சாகவில்லை. ஞாயிற்றுக்கிழமையும் சாகவில்லை. இருபத்தொன்பது மிச்சம். பதினேழின் வயிற்றில் இன்னும் முட்டை இருந்தது. முட்டைக்குள் கறுப்பாகக் கண் தெரிந்தது. ஆனால் பொரியவில்லை. அதைவிட முக்கியமாக, தண்ணீர் ஏழுக்கு வந்தபிறகு இன்னும் ஒன்றுகூட ஓடு கழற்றவில்லை. கழற்றிப் பிழைத்தால்தான் தண்ணீர் சரியாகிவிட்டது என்று அர்த்தம். அதுவரை மிச்சம் இருப்பவற்றையும் இருக்கின்றன என்று சொல்ல முடியாது.

திங்கட்கிழமை காலை ஏர்போர்ட்டுக்கு வேன் ஒன்பதரைக்கு வருவதாக ஏற்பாடு. வைஷ்ணவி பள்ளிக்கூடம் போகும்போது அப்பாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றுவிட்டுப் போனாள். அவன் வெள்ளைச் சட்டை போட்டுப் பெட்டியைக் கூடத்தில் வைத்துவிட்டு, சொல்லிக்கொள்ளக் கொட்டகைக்கு வந்தான். அமுதவல்லி திரும்பவில்லை.

"இங்க வாங்க" என்றாள். குரல் கிசுகிசுத்தது.

முட்டையை உதறிவிட்டிருந்த ஒரு தாய் இறால், கல்லின்மேல் தனியாக நின்றது. அதன் கழுத்துக்குப் பின்னால் வெள்ளையாக ஒரு கோடு.

"வளையமா?" என்றான்.

"தெரியல. முதுகுல மட்டும் இருந்தா நல்லது. சுத்தி இருந்தா…" இறால் முதுகைத்தான் காட்டிக்கொண்டு நின்றது. வயிற்றுப் பக்கம் தெரியவில்லை. இருவரும் தொட்டிக்கு இரண்டு பக்கமும் குனிந்தார்கள். அது ஒரு தடவை உடம்பை வளைத்தது. நின்றது. கோடு அகன்றது. இன்னொரு தடவை வளைத்து, கால்களெல்லாம் நடுங்க அப்படியே நின்றுவிட்டது. போன வாரம் செத்தவையும் இந்த இடத்தில்தான் நின்றன. தெருவில் வேன் ஹாரன் அடித்தது. இருவரும் அசையவில்லை.

அது மடங்கி ஒரு உதறு உதறியது. கல்லின்மேல் முழு இறால் உருவத்தில் வெறும் ஓடு நின்றது. அரையடி தள்ளி, மெத்தென்று, மீசையெல்லாம் புதிதாக, அது தரையில் இறங்கி நடக்கத் தொடங்கியது.

ஆவுடையப்பன் நெற்றியைத் துடைத்துக்கொண்டான். அவன் கண் கலங்கியிருந்தது. "சரியாயிருச்சுல்ல? இனிமே நீ பாத்துக்குவ" என்றான். பிறகு, "வாரேன் அமுதா" என்றான்.

பதினான்கு வருஷத்தில் அவன் இப்படி எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறான். ஒவ்வொரு தடவையும் அவள் 'பாத்துப் போங்க' என்பாள்.

"போகாதீங்க" என்றாள்.

அவன் நின்றான். "குஞ்சு இன்னும் விடலையே."

"விடாட்டியும் போகாதீங்க."

"நான் இல்லாதப்ப நல்லா இருந்துச்சுன்னியே?"

"ஆமா, நல்லாத்தான் இருந்துச்சு. அதுக்காக இல்லாமலே இருங்கன்னா சொன்னேன்?" சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது. முந்தானையை எடுக்கவில்லை. கையில் ஈரம், அப்படியே நின்று அழுதாள்.

வெளியே சொர்ணம், "தம்பி, டிரைவரு கத்துறான்டா!" என்று கூப்பிட்டாள். ஆவுடையப்பன் வாசலைப் பார்த்தான், தொட்டியைப் பார்த்தான், சட்டையின் மேல் பித்தானைக் கழற்றினான்.

"சரி. ஆனா இந்தத் தண்ணிப் பக்கம் நான் வர மாட்டேன். கைய வைக்கவே மாட்டேன்."

"வைங்க" என்றாள் அமுதவல்லி. "என்னையக் கேட்டுட்டு வைங்க."